பியோர்க் பூப் படுக்கை

என் மனைவி மங்களேஸ்வரிக்கு விரல் மூட்டுகள் வீங்கின. எனக்கு மூக்கு ஒழுகியது. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை, டொக்டர்தான். இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் என்னை மட்டும்தான் குற்றம் சொல்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒஸ்லோவுக்கு வந்து பதினாறு வருடம் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். மேசையில் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறவர்கள் பேப்பர்த் துண்டுக்குக் கீழே எதை ஒளித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது கோப்பை கழுவுகிறவனுக்குத் தெரியும். அதனால் யார் சிரித்துக்கொண்டு எதைச் சொன்னாலும் நான் உடனே நம்புவதில்லை. அதுவும் டொக்டர்மாரை நம்புவதற்கு எனக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும்.

2005ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் திகதி. ஆஸ்பத்திரியில் மூட்டு வருத்தம் பார்க்கும் டொக்டர் இங்குன், மங்களத்தின் கைகளை எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். விரல் எலும்புகளின் கரை எலி கொறித்த பிஸ்கற் மாதிரி இருந்தது. மொழிபெயர்க்க மகள் ஜெனிதா வந்திருந்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், எங்களோடு மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிறாள். எனக்கும் நொஸ்க், அதுதான் நோர்வே மொழி, விளங்கும். ஆனால் கோப்பையைப் பற்றிக் கதைத்தால்தான் முழுதாக விளங்கும்.

"அம்மாவுக்கு மூண்டு வகைக் குளிசை மாத்திப் பாத்தாச்சாம். இனி ஒரு புது ஊசி இருக்காம். கிழமைக்கு ஒருக்கா, தொடையிலை, வீட்டிலை தாங்களே போடலாம். இருபத்தைஞ்சாம் திகதிக்குள்ளை சொல்லட்டாம்" என்றாள் ஜெனிதா.

"ஏன் அவ்வளவு அவசரம்?"

"கொறிச்ச எலும்பு திரும்ப வளராதாம், அப்பா."

"ஊசி உள்ளுக்குப் போய் என்ன செய்யும்? அதைக் கேள்."

அவள் கேட்டுச் சொன்னாள். "உடம்பைக் காவல் காக்கிற ஆக்கள் பிழையா விளங்கி, அம்மாவின்ரை சொந்த மூட்டையே எதிரி எண்டு அடிக்கினமாம். ஊசி அவையின்ரை கையைப் பிடிச்சு வைக்குமாம்."

"சொந்தச் சனத்தையே அடிக்கிற ஆமியைப் பற்றி எங்களுக்கு இவ படிப்பிக்க வேண்டாம்" என்றேன். "சரி, கையைக் கட்டியாச்சு. உண்மையான கள்ளன் வந்தால் ஆர் மறிக்கிறது?"

ஜெனிதா தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தாள். டொக்டர் தலையாட்டினார். நல்ல கேள்வியாம். அந்தப் பயம் இருக்கிறதாம். அதனால்தான் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பார்களாம். காய்ச்சல் வந்தால் உடனே ரெலிபோன் எடுக்க வேண்டுமாம்.

"பாத்தியே, தாங்களே ஒத்துக்கொள்ளினம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, பதினொன்று. டொக்டர் கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

மே மாதம் வந்தால் எனக்கு இதுதான் வேலை. இங்கே வெள்ளைப் பட்டை மரம் ஒன்று ஒஸ்லோ முழுக்க நிற்கிறது. பியோர்க் என்று பெயர். அதன் பூ அணில் வால் மாதிரித் தொங்கும், தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். ஊரில் எந்தப் பூவுக்கும் தும்மாத நான் இங்கே வந்து ஆறாம் வருடத்தில் இந்தப் பூவுக்குத் தும்மத் தொடங்கினேன். மங்களத்துக்கு ஒரு தும்மலும் கிடையாது. பியோர்க் மரத்துக்குக் கீழே நின்று மூச்சை நன்றாக இழுத்து விடுவாள்.

டொக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சும்மா கதைக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"உங்களுக்கும் காவல்காரர் பிழை விடுகினமாம் அப்பா, ஆனால் அவைக்குப் பூந்தூள்தான் எதிரி" என்றாள் ஜெனிதா. "இப்பிடித் தும்முற ஆக்களுக்கு அம்மாவின்ரை வருத்தம் குறைவா வருதெண்டு, வந்தாலும் கடுமையில்லையெண்டு சில ஆராய்ச்சியிலை கண்டிருக்கினமாம். காவலிலை ஒரு பக்கம் எழும்பினால் மற்றப் பக்கம் அடங்குதோ எண்டு யோசிக்கினமாம். இப்ப எல்லா இடமும் அலர்ஜி கூடுது, அதாலை இனி வாற காலத்திலை மூட்டு வருத்தம் குறையுமோ எண்டுகூடக் கேக்கினமாம். ஆனால் வேறை ஆராய்ச்சியிலை அப்பிடி ஒண்டும் காணேல்லையாம். ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம்."

கடைசி வசனமும் என் காதில் விழுந்தது. மறைக்கவில்லை. ஆனால் ஒருவருக்கும் தெரியாத விஷயம் என்றால் அதைக் கண்டுபிடிக்க எனக்கும் உரிமை இருக்கிறது.

ரயிலில் திரும்பி வரும்போது மங்களம் கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"ஊசியைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?" என்றேன்.

"நீங்கள் சொல்லுறதுதான்" என்றாள்.

முப்பத்தேழு வருடமாக இதைத்தான் சொல்கிறாள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சனத்தைக் கண்டு கேட்க அதைவிட நல்ல இடம் ஒஸ்லோவில் இல்லை. கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஒரு பக்கம் தும்மல், ஒரு பக்கம் விரல் வீக்கம்.

சோற்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் கேட்டேன். "உங்களுக்கு மே மாதம் தும்மல் வாறதோ?"

"சீச்சீ, இல்லை."

"விரல், மணிக்கட்டு நோவு?"

"கடவுள் புண்ணியத்திலை ஒரு குறையும் இல்லை" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

இருபத்தொரு பேரைக் கேட்டேன். ஒஸ்லோத் தமிழருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கண் சிவந்து நின்றவருக்கும் இல்லை, தட்டை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திப் பிடித்திருந்த அம்மாவுக்கும் இல்லை.

பின்னால் நின்ற கிளெமென்ற் சிரித்தான். எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறவன், ட்ராம் வண்டி கழுவுகிற வேலை. அவன் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், ஆனால் வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு மட்டும் சைவம்.

"இராசதுரை அண்ணை, கலியாணம் பேசுற பிள்ளையள் வீட்டிலை இருக்கேக்கை வருத்தம் எண்டு ஆர் வாய் திறப்பினம்? நீங்களே அக்காவின்ரை கையைச் சால்வைக்குள்ளை ஒளிச்சுத்தானே கூட்டிக்கொண்டு வாறியள்."

"அது குளிருக்கு."

"மே மாதத்திலையோ?"

முறையை மாற்றினேன். வாயால் கேட்டால் பொய் வரும், கண்ணால் பார்த்தால் வராது. செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பியோர்க் நின்றது. அங்கே நின்று தும்முகிறவர்களைக் குறித்தேன். உள்ளே போய், சாம்பார் அகப்பையை யார் ஒரு கையால் தூக்குகிறார், யார் இரண்டு கையால் தூக்குகிறார் என்று பார்த்தேன். தும்மியவர்கள் பத்தொன்பது. விரல் வளைந்தவர்கள் ஆறு. அந்த ஆறு பேரில் ஒருவரும் தும்மவில்லை. டொக்டர்மார் தெரியாது என்று விட்ட விஷயம் என் கலண்டர் தாளில் இருந்தது.

"எனக்குத் தும்மலும் இருக்கு, முழங்காலும் நோகுது. என்னை எந்தப் பக்கம் எழுதினியள்?" என்றான் கிளெமென்ற்.

"எழுதினனான். வெட்டிப்போட்டன்."

"ஏன்?"

"உன்ரை முழங்காலுக்கு வருத்தமில்லை. அது வயித்துப் பாரம்."

வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவெடுத்தேன். தும்முகிறவர்களுக்கு மூட்டு வருத்தம் இல்லை. ஆகவே மங்களம் தும்ம வேண்டும். ஊரில் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளம் போட்டால் வேப்பிலை பரப்பி அதன் மேல்தான் ஆளைப் படுக்கவைப்போம். இலையின் குணம் உடம்பில் ஊற வேண்டும். இங்கே வேம்பு இல்லை, பியோர்க் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை இரண்டு தும்மல் குளிசை போட்டுக்கொண்டேன். மூக்கையும் வாயையும் சால்வையால் கட்டிக்கொண்டு கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள சரிவுக்குப் போய் இரண்டு பிளாஸ்ரிக் பை நிறையப் பூப் பிடுங்கினேன். நாயோடு வந்த ஒரு நோர்வேக்காரி எதற்கு என்று கேட்டாள். தேத்தண்ணிக்கு என்றேன். அவளுக்குச் சந்தோஷம். காட்டில் எதையாவது பிடுங்குகிறவனை இவர்களுக்குப் பிடிக்கும்.

பூவைக் கட்டிலில் பரப்பி மேலே மெல்லிய விரிப்பைப் போட்டேன். மங்களம் வந்து பார்த்தாள்.

"எனக்கென்ன, அம்மாள் வருத்தமே?"

"பேசாமல் படும். தும்மல் வந்தால் சொல்லும்."

"ஊசிக்கு என்ன மறுமொழி சொல்லப்போறியள்?"

"முதல் நீர் தும்மும், பிறகு பாப்பம்."

படுத்தாள். நான் பக்கத்து அறைச் சோபாவுக்குப் போனேன், பூ இருக்கிற அறையில் எனக்குக் கண் திறக்க முடியாது. காலையில் பழைய பூவைக் கொட்டிப் புதியதைப் போடுவேன். ஒவ்வொரு நாளும் கேட்பேன்.

"தும்மினீரோ?"

"இல்லை."

ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது மங்களம் ஒரு தும்மல் போட்டாள். பிறகு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"அது பொய்த் தும்மல்" என்றேன்.

"நீங்கள் பாவமெண்டு போட்டனான்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவள் அந்தக் கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். போன மாதம் விரலால் பிடித்தவள். பால் பெட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாள், அந்தக் கத்தரிக்கோலையும் மேசையில் வைத்து முழங்கையால் அமத்தினாள். தலையை ஜெனிதாதான் பின்னி விட்டாள். எல்லாவற்றையும் பார்த்தேன். நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஜெனிதா கண்டுபிடித்தது தலை பின்னும்போதுதான்.

"அம்மா, தலைக்குள்ளை என்ன இது, புழுவோ?" கையில் எடுத்துப் பார்த்தாள். அறைக்குள் ஓடினாள். விரிப்பைத் தூக்கிய சத்தம் கேட்டது. "அப்பா! உங்களுக்கு என்ன விசரோ?"

"டொக்டர் சொன்னதைத்தான் செய்யிறன்."

"டொக்டர் சொன்னது ஆயிரக்கணக்கான ஆக்களை எண்ணிப் பாத்த கதை. அதைக் கொண்டுவந்து ஒரு ஆளின்ரை கட்டிலிலை கொட்ட ஏலுமே? அதோடை, தும்மல் வந்தால் மூட்டு மாறும் எண்டு அவ எப்ப சொன்னவ?"

"என்ரை கணக்கிலை ஆறு பேரிலை ஒருத்தருக்கும் தும்மல் இல்லை."

"உங்கடை கணக்கிலை கிளெமென்ற் மாமாவும் இல்லையாம். அவர் கட்டிடம் முழுக்கச் சொல்லித் திரியிறார். இண்டைக்கே இதைக் கொட்டுங்கோ. உங்களுக்குத்தான் கூடாது. போன மாரியிலை நெஞ்சு இறுக்கி உங்கடை டொக்டர் பம்ப் தந்தவரெல்லே?"

தந்தார்தான். உறிஞ்சுகிற மருந்து. மூடியைத் திருகிக் கழற்றி, அடியைத் திருகி, வாயில் வைத்து இழுக்க வேண்டும். ஒருநாள் இருமலுக்கு எதற்கு இவ்வளவு என்று அதைத் திறக்காமலே மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தேன்.

பூவை நான் கொட்டவில்லை. கொட்டினேன் என்று ஜெனிதாவிடம் சொன்னேன்.

மே பத்தொன்பதாம் திகதி, காலை பத்து மணி. ஜெனிதா வேலைக்குப் போய்விட்டாள். பூ காய்ந்து நன்றாகத் தூள் விடுகிற பருவம். தூள் வெளியே போகக் கூடாது என்று யன்னலை இறுகச் சாத்தினேன். சால்வை அன்றைக்குத் தோய்த்துக் காயப்போட்டிருந்தது, இரண்டு நிமிட வேலைதானே என்று அது இல்லாமலே விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உதறினேன்.

அறை மஞ்சளானது. பத்துத் தும்மல் வரைக்கும் எண்ணினேன். பிறகு தும்மல் நின்றது, அதோடு மூச்சும் நின்ற மாதிரி. நெஞ்சில் யாரோ அரிசி மூட்டையை இறக்கி அதன் மேல் ஏறி இருந்தார்கள். காற்று உள்ளே வந்தது, வெளியே போக மறுத்தது. விசில் சத்தம் கேட்டது. அது என் தொண்டை என்று பிறகுதான் தெரிந்தது. தவழ்ந்து அறைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்தேன்.

மங்களம் குசினியிலிருந்து ஓடி வந்தாள். லாச்சியைக் காட்டினேன். பம்பை எடுத்தாள். மூடியைத் திருகினாள். விரல் வழுக்கியது. சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். வழுக்கியது. கதவு இடுக்கில் வைத்து நெரித்துக்கொண்டு மற்றக் கையால் அடியைப் பிடித்தாள். பிடிக்கும் கை மூடவே இல்லை. கடைசியில் வாயில் வைத்துக் கடித்து, தலையைத் திருப்பித் திருப்பி இழுத்தாள். நான் கையை நீட்டினேன். என் கையில் பலம் இல்லை.

பம்பை எறிந்துவிட்டு ரெலிபோனை மேசையிலிருந்து தட்டி நிலத்தில் விழுத்தினாள். வீங்கிப்போன விரல் மொளியால் அம்புலன்ஸ் இலக்கம் ஒன்று, ஒன்று, மூன்றை அமத்தினாள். பள்ளிக்கூடங்களில் கூட்டித் துடைத்துப் படித்த நொஸ்க்கில் கத்தினாள். "மான்! இக்கெ புஸ்தெ! மோர்டென்ஸ்ருட்!" மனுசனுக்கு மூச்சு இல்லை என்று. வீட்டு இலக்கத்தை மூன்று தரம் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, வளைந்த கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அம்புலன்ஸில் வந்த பெண் என் மூக்கில் காற்றுக் குழாயை மாட்டினாள். நிலத்தில் கிடந்த பம்பை எடுத்து இரண்டு விரலால் ஒரு திருகு திருகினாள். திறந்தது. ஒரு செக்கன் ஆகவில்லை. மங்களம் அந்தப் பெண்ணின் இரண்டு விரலையும் பார்த்தாள். எனக்கு மூச்சு இல்லாவிட்டாலும் கண் இருந்தது. அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடிக்கிற மூடியை முகத்தில் போட்டுவிட்டார்கள். மத்தியானம் போல் நெஞ்சு இளகியது. மங்களம் கட்டிலருகே கதிரையில் இருந்தாள். சால்வை இல்லை.

"இஞ்சேருங்கோ, நான் ஊசி போடப்போறன்."

"இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றேன் மூடிக்குள்ளிருந்து.

"நான் உங்களைக் கேக்கேல்லை, சொல்லுறன். ஜெனிதாவைக் கொண்டு டொக்டருக்கு ரெலிபோனும் எடுத்தாச்சு."

"காவலை இறக்கினால் பிறகு காய்ச்சல், காசநோய் எண்டு..."

"வந்தால் பாப்பம். அதுக்குத்தானே சோதிக்கினம். நீங்கள் நீலமாப் போறியள், நான் மூடியைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன். இந்தக் கையோடை இன்னொருக்கா அப்பிடி நிக்க என்னாலை ஏலாது."

சட்டைப் பையிலிருந்து பம்பின் மூடியை எடுத்து என் போர்வையில் வைத்தாள். பிளாஸ்ரிக்கில் மேல்பல் நாலும் கீழ்ப்பல் மூன்றும் பதிந்திருந்தன. முத்திரை குத்திய கடதாசியையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் நான். அந்த மூடியை ஒரு தரம்தான் பார்த்தேன்.

"எப்ப தொடங்குவினம்?" என்றேன்.

"நெஞ்சுப் படம் திங்கள்."

படத்தில் ஒன்றும் இல்லை. ஜூனில் முதல் ஊசி வீட்டுக்கு வந்தது. பிறிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் எட்டு ஊசியும் நான்தான் போட்டேன், அவளுக்கு அதைப் பிடிக்க விரல் இல்லை. காய்ச்சல் வருகிறதா என்று ஒவ்வொரு காலையும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் சந்தேகம் எங்கேயும் போகவில்லை. ஒன்பதாவது ஊசியைத் தானே போட்டாள். "நீங்கள் ஆட்டுக்கு ஊசி போடுற மாதிரிப் போடுறியள்" என்றாள்.

ஒக்டோபரில் டொக்டர் இங்குனிடம் போனோம். வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. கொறித்த எலும்பு கொறித்தபடிதான், ஆனால் புதிதாக ஒன்றும் கொறிக்கவில்லை. நான் கலண்டர் தாளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். ஜெனிதா முகத்தை மூடிக்கொண்டாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். எத்தனை பேர், எப்படித் தெரிந்தெடுத்தேன் என்று கேட்டார். பிறகு வெட்டிய கோட்டில் விரலை வைத்தார்.

"இது ஆர் எண்டு கேக்கிறா" என்றாள் ஜெனிதா.

"கிளெமென்ற். அவன் கணக்கைக் குழப்புறான்."

டொக்டர் இப்போதுதான் சிரித்தார். தங்கள் தொழிலிலும் கிளெமென்றை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். என் கணக்கை இன்னும் ஆயிரம் பேரோடு செய்து, கிளெமென்றையும் சேர்த்தால், தானும் இருந்து வாசிப்பாராம். ஆனால் கட்டிலில் பூப் போடுவதை இனி நினைக்கவும் கூடாதாம்.

என் கணக்குப் பிழை என்று அவர் சொல்லவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். அலர்ஜி கூடக்கூட மூட்டு வருத்தம் குறையுமா என்று வருங்காலத்தில் யாராவது கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள். நான் சந்தேகப்பட்டுப் பார்த்து, நம்பலாம் என்று விட்ட விஷயங்கள் மிகக் கொஞ்சம். அதில் இது ஒன்று. மற்றது அந்த ஊசி.

பம்பை இப்போது லாச்சிக்குள் போடுவதில்லை. பல்லடையாளம் உள்ள மூடியோடு குசினி மேசையில் நிற்கிறது. காலையில் நான் இழுத்து முடிந்ததும் மங்களம்தான் வாங்கி மூடி வைப்பாள். வேண்டுமென்றே செய்கிறாளா தெரியவில்லை, இறுக்கித் திருகி விடுகிறாள். மறுநாள் என்னால் அதைத் திறக்க முடிவதில்லை. "இஞ்சை தாங்கோ" என்று கையை நீட்டுகிறாள்.